விழித்திரைப் படத்தை ஏஐ படிப்பது எப்படி? ஒரு மருத்துவக் கருவி ஆய்வகத்திலிருந்து கிளினிக் வரை

சர்க்கரை நோய் கண்ணைக் கெடுக்கும் என்பது எல்லாருக்கும் தெரிந்த சேதிதான். அது சத்தமில்லாமல் கெடுக்கும் என்பதுதான் பலருக்குத் தெரிவதில்லை. வலி இருக்காது. கண் சிவக்காது. எழுத்துப் பலகையில் கடைசி வரி வரை படித்துவிடலாம். அதே சமயம் கண்ணின் உட்புறம் பின்னால் இருக்கும் விழித்திரையில் நுண்ணிய ரத்தக் குழாய்கள் பலவீனமாகிக் கசியத் தொடங்கியிருக்கும். பார்வை மங்குகிறதே என்று ஒருவர் டாக்டரிடம் வந்து சேரும்போது பல நேரம் நோய் முற்றியிருக்கும். முன்கூட்டியே கண்டுபிடித்தால் லேசர், கண்ணுக்குள் போடும் ஊசி, கூடவே சர்க்கரைக் கட்டுப்பாடு என்று பார்வையைக் காப்பாற்ற வழிகள் உண்டு. கண்ணில் ஒரு தொந்தரவும் இல்லாவிட்டாலும் வருஷத்துக்கு ஒரு தடவை விழித்திரையைப் பார்த்துவிடுங்கள் என்று சர்க்கரை நோயாளிகளிடம் சொல்வது இதனால்தான்.

சொல்லிவிடலாம். ஆனால் யார் பார்ப்பது? சென்னையின் மெட்ராஸ் டயாபடிஸ் ரிசர்ச் ஃபவுண்டேஷன், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலான ஐசிஎம்ஆருடன் சேர்ந்து நடத்திய இண்டியாப் ஆய்வு 2023-ல் ஒரு கணக்கு வெளியிட்டது. இந்தியாவில் 10 கோடிக்கும் மேற்பட்டவர்களுக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது. இத்தனை பேரின் விழித்திரையையும் வருஷம் தவறாமல் பார்க்க நிபுணர்கள் போதாது. இருக்கிறவர்களும் பெரும்பாலும் நகரங்களில்தான் இருக்கிறார்கள். ஏஐ உள்ளே வந்தது இந்த இடைவெளியில்தான்.

மருத்துவத்தில் ஏஐ, டிஜிட்டல் ஹெல்த் என்றெல்லாம் பேசும்போது கைக்கடிகாரத்தில் இதயத் துடிப்பு பார்ப்பதிலிருந்து எக்ஸ்ரே படிக்கும் மென்பொருள் வரை எல்லாம் அதற்குள் வந்துவிடுகின்றன. எல்லாவற்றையும் தொட்டுக்கொண்டு போனால் ஒன்றும் புரியாது. அதனால் இந்த விழித்திரைக் கருவியை மட்டும் எடுத்துக்கொண்டு, அது எப்படி உருவானது, எப்படிச் சோதிக்கப்பட்டது, நோயாளி உட்கார்ந்திருக்கும் அறைக்குள் வந்ததும் என்ன ஆனது என்று பார்ப்போம். உண்மையான ஆராய்ச்சி எந்த இடத்தில் நடக்கிறது என்பது அதில் தெரிந்துவிடும்.

முதலில் படம். ஃபண்டஸ் கேமரா என்று ஒரு கருவி இருக்கிறது. நோயாளி அதன் முன் உட்கார்ந்து, மோவாயைத் தாங்கியில் வைத்து, நெற்றியை ஒட்டிக்கொண்டு, உள்ளே தெரியும் சின்ன வெளிச்சத்தைப் பார்க்க வேண்டும். பளிச்சென்று ஒரு ஃப்ளாஷ். கணினித் திரையில் ஆரஞ்சும் சிவப்பும் கலந்த ஒரு வட்டம் வருகிறது. அதன் ஒரு பக்கத்தில் வெளிர் மஞ்சளாக ஒரு சிறு வட்டம், பார்வை நரம்பு தொடங்கும் இடம். அங்கிருந்து ரத்தக் குழாய்கள் கிளை கிளையாகப் பிரிந்து போகின்றன. நடுவில் கொஞ்சம் கருத்த ஒரு பகுதி. அதுதான் மாக்குலா. நாம் எழுத்துப் படிப்பதும் முகம் பார்த்து ஆளை அடையாளம் காண்பதும் அந்த இடத்தை வைத்துத்தான்.

நோய் தொடங்கினால் இந்தப் படத்தில் குண்டூசி முனை அளவுக்குச் சிவப்புப் புள்ளிகள் வரும். குழாயின் சுவர் பலவீனப்பட்டு உப்பிய இடங்கள் அவை. அப்புறம் ரத்தக் கசிவுத் திட்டுகள், கசிந்த கொழுப்பு படிந்த மஞ்சள் துகள்கள். முற்றிய நிலையில் ரத்த ஓட்டம் போதாமல் விழித்திரை புதுக் குழாய்களை வளர்த்துக்கொள்ளும். அவை திடமில்லாதவை. உடைந்தால் கண்ணுக்குள்ளேயே ரத்தம் பரவிவிடும். நோய் இல்லை என்பதில் தொடங்கி இந்தக் கடைசிக் கட்டம் வரை மொத்தம் 5 நிலைகளாகப் பிரித்திருக்கிறார்கள். நடுநிலையையோ அதைத் தாண்டியோ போய்விட்டால் கண் டாக்டரிடம் கட்டாயம் அனுப்ப வேண்டும்.

ஆக, படத்தைப் பார்த்து 'அனுப்பலாமா வேண்டாமா' என்று சொல்வதுதான் வேலை. இதைக் கணினிக்குக் கற்றுக்கொடுக்க முடியுமா என்று கூகுள் குழு ஒன்று பார்த்தது. அமெரிக்காவின் ஐபேக்ஸ் என்ற பரிசோதனை அமைப்பிடமிருந்தும் இந்தியாவின் மூன்று கண் மருத்துவமனைகளிடமிருந்தும் படங்கள் வாங்கினார்கள். அந்த மூன்று: மதுரை அரவிந்த், சென்னை சங்கர நேத்ராலயா, பெங்களூரு நாராயண நேத்ராலயா. மொத்தம் 1,28,175 படங்கள். அமெரிக்காவில் பணிபுரியும் 54 கண் டாக்டர்கள் அவற்றைப் பார்த்து ஒவ்வொன்றும் எந்த நிலை என்று குறித்தார்கள். ஒரே படத்தை 3 பேர் முதல் 7 பேர் வரை பார்த்தார்கள்.

எதற்கு ஏழு பேர்? டாக்டர்களுக்குள்ளேயே ஒரே படத்துக்கு ஒத்த கருத்து இருப்பதில்லை. ஒருவர் ஆரம்பநிலை என்பதை இன்னொருவர் நடுநிலை என்பார். அதே டாக்டரிடம் அதே படத்தை இன்னொரு நாள் காட்டினால் வேறு பதில் வரலாம். கணினிக்கு ஆசான் இந்தக் குறிப்புகள்தான். ஆசான் தடுமாறினால் மாணவனும் தடுமாறுவான். ஏஐ பற்றிப் பேசும்போது எல்லாரும் மென்பொருளைப் பற்றியே பேசுகிறார்கள். பொறுமையாக உட்கார்ந்து படம் படமாகக் குறித்த இந்த டாக்டர்களின் உழைப்பை யாரும் சொல்வதில்லை. என்னைக் கேட்டால், முக்கால்வாசி வேலை அதுதான்.

சரி, கணினி எப்படிக் கற்கிறது? 'சிவப்புப் புள்ளி தெரிந்தால் நோய்' என்று யாரும் அதற்கு விதி எழுதித் தரவில்லை. படத்தைக் கொடுப்பார்கள். அது ஒரு விடை சொல்லும். டாக்டர்கள் குறித்த விடையோடு ஒப்பிடுவார்கள். தப்பென்றால் அதற்குள் இருக்கும் லட்சக்கணக்கான எண்களைக் கொஞ்சம் கொஞ்சம் மாற்றி அடுத்த தடவை தப்பு குறையும்படி செய்வார்கள். இதைக் கணினியே தானாகத் திரும்பத் திரும்பச் செய்துகொண்டிருக்கும். கடைசியில் எந்த அடையாளத்தைப் பார்த்து முடிவெடுக்கிறது என்பதை அதன் எண்களிலிருந்து நேராகப் படித்துவிட முடியாது.

இதில் நல்லதும் இருக்கிறது, ஆபத்தும் இருக்கிறது. 2018-ல் இதே கூகுள் ஆய்வாளர்கள் விழித்திரைப் படத்தை மட்டும் வைத்து, அந்த ஆள் ஆணா பெண்ணா என்று கணினி பெரும்பாலும் சரியாகவே சொல்லிவிடுவதைக் காட்டினார்கள். அனுபவம் வாய்ந்த கண் டாக்டராலும் முடியாத காரியம் அது. நம் கண்ணுக்குத் தெரியாத ஏதோ அதற்குத் தெரிகிறது. அதே வருஷம் நியூயார்க்கின் மவுண்ட் சினாய் மருத்துவமனையைச் சேர்ந்த ஆய்வாளர்கள் வேறொரு விஷயத்தைக் காட்டினார்கள். மார்பு எக்ஸ்ரேயில் நிமோனியாவைக் கண்டுபிடிக்கக் கற்ற ஒரு மென்பொருள், அந்தப் படம் எந்த மருத்துவமனையில் எடுத்தது என்பதையும் கண்டுபிடித்துவிடக்கூடியதாக இருந்தது. ஒரு மருத்துவமனையில் நிமோனியா நோயாளிகள் அதிகம் என்றால், நுரையீரலைப் பார்க்காமல் மருத்துவமனையைப் பார்த்தே 'நிமோனியா இருக்கலாம்' என்று சொல்லி மதிப்பெண் வாங்கிவிடலாம் அல்லவா? பழகிய மருத்துவமனையின் படங்களில் நன்றாகச் செய்த அந்த மென்பொருள் வெளி மருத்துவமனையின் படங்களில் சறுக்கியது.

இந்தத் துறையின் முதல் கட்டாய விதி இங்கிருந்து வருகிறது. கற்ற படங்களிலேயே பரீட்சை வைக்கக் கூடாது. வேறு ஆட்களின் படங்கள், முடிந்தால் வேறு கேமரா, வேறு ஊர். கூகுள் குழு 2016 கடைசியில் 'ஜாமா' மருத்துவ இதழில் வெளியிட்ட கட்டுரையில், கணினி அதுவரை பார்க்காத இரண்டு படத் தொகுப்புகளில் சோதித்திருந்தார்கள். ஒன்று ஐபேக்ஸ் எடுத்தது, மற்றொன்று பிரான்சில் திரட்டியது. நோய் இருப்பவர்களில் 90 சதவீதம், 87 சதவீதம் என்ற அளவில் பிடித்தது. நோய் இல்லாதவர்களில் 98 சதவீதம் பேருக்கு 'இல்லை' என்றே சரியாகச் சொன்னது.

இந்த இரண்டு எண்களைத்தான் ஆங்கிலத்தில் சென்சிடிவிட்டி, ஸ்பெசிஃபிசிட்டி என்கிறார்கள். செய்தித்தாளில் '95 சதவீதம் துல்லியம்' என்று ஒரே எண்ணாகப் போட்டால் அதை நம்பி ஒரு முடிவுக்கும் வர முடியாது. இரண்டையும் தனித்தனியாகக் கேட்க வேண்டும். நோய் இருப்பவரைத் தவறவிடாமல் பிடிக்கிறதா என்பது ஒன்று. இல்லாதவரை வீணாகப் பயமுறுத்தாமல் இருக்கிறதா என்பது இன்னொன்று.

இவை சல்லடைக் கண் மாதிரி. கண்ணைப் பெரிசாக்கினால் நோயாளிகள் நழுவிப் போவார்கள். சிறிசாக்கினால் நோய் இல்லாதவர்களும் சிக்கிக்கொள்வார்கள். அந்த ஆய்விலும் இதைக் கொஞ்சம் இறுக்கிப் பார்த்தார்கள். பிடிக்கும் அளவு 90-லிருந்து 97.5 சதவீதம் ஆனது. ஆனால் 'இல்லை' என்று சரியாகச் சொல்லும் அளவு 98-லிருந்து 93 சதவீதமாக இறங்கியது. எங்கே நிறுத்துவது என்பதை எந்த மென்பொருளும் முடிவு செய்யாது. அந்த ஊரில் எத்தனை டாக்டர்கள், நோயாளி எவ்வளவு தூரம் போக வேண்டும், தவறவிட்டால் என்ன இழப்பு என்று பார்த்து மனிதர்கள்தான் எடுக்க வேண்டிய முடிவு அது.

கொஞ்சம் பொறுமையாக ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு கருவி நோயுள்ளவர்களில் 90 சதவீதம் பேரைப் பிடிக்கிறது, இல்லாதவர்களில் 95 சதவீதம் பேரைச் சரியாக விட்டுவிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். சர்க்கரை நோய் முற்றியவர்கள் அதிகம் வரும் ஒரு மருத்துவமனையில் 1000 பேரைப் பார்க்கிறோம். அதில் 200 பேருக்கு உண்மையிலேயே நோய் இருக்கிறது. கருவி 180 பேரைப் பிடிக்கும், 20 பேரைத் தவறவிடும். மீதி 800 பேரில் 40 பேரைத் தவறாக அனுப்பும். ஆக அனுப்பப்பட்ட 220 பேரில் 180 பேருக்கு நோய் உண்டு. நல்லதுதான். இதே கருவியை ஒரு கிராம முகாமுக்குக் கொண்டுபோகிறோம். அங்கே 1000 பேரில் 20 பேருக்குத்தான் நோய். 18 பேரைப் பிடிக்கும், 2 பேரைத் தவறவிடும். மீதி 980 பேரில் 49 பேரைத் தவறாக அனுப்பும். அதாவது அனுப்பப்பட்ட 67 பேரில் 18 பேருக்குத்தான் நோய். கருவி மாறவில்லை, அதன் திறமையும் மாறவில்லை. ஆட்கள் மாறியதும் 'அனுப்புங்கள்' என்ற சொல்லின் மதிப்பு மாறிவிட்டது. கூலி விட்டு, பஸ் பிடித்து, துணைக்கு ஒருவரையும் கூட்டிக்கொண்டு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டுத் திரும்பும் அந்த 49 பேரையும் நினைத்துப் பார்க்க வேண்டும். அடுத்த வருஷம் கூப்பிட்டால் அவர்கள் வருவார்களா?

சேமித்து வைத்த படங்களில் பாஸ் ஆனால் மட்டும் போதாது. அன்றன்றைக்கு வரும் நோயாளிகளிடம் பார்க்க வேண்டும். அரவிந்திலும் சங்கர நேத்ராலயாவிலும் 3,049 பேரிடம் கூகுள் கருவிக்கு அப்படி ஒரு சோதனை நடந்து 2019-ல் முடிவு வெளிவந்தது. அரவிந்தில் 88.9 சதவீதமும் சங்கர நேத்ராலயாவில் 92.1 சதவீதமும் பிடித்தது. அதே படங்களைப் பார்த்த மனிதர்கள் பிடித்தது, ஆளுக்கு ஆள் மாறி, 73-லிருந்து 90 சதவீதம் வரை. மனிதருக்குக் குறையாமல் செய்கிறது என்று சொல்ல இது போதும். ஆனால் இரண்டுமே பெயர்பெற்ற கண் மருத்துவமனைகள். நல்ல கேமரா, அதில் கைதேர்ந்த ஆட்கள். சாதாரணக் கிளினிக்கில் என்ன ஆகும்?

இதற்குப் பதில் தாய்லாந்திலிருந்து வந்தது. இந்தத் துறையில் நான் திரும்பத் திரும்பப் பரிந்துரைக்கும் ஆய்வு இதுதான். அங்கே அப்போது சுமார் 45 லட்சம் சர்க்கரை நோயாளிகளுக்கு விழித்திரை நிபுணர்கள் 200 பேர்தான். கிளினிக்கில் நர்ஸ் படம் எடுத்து, தூரத்தில் இருக்கும் நிபுணருக்கு அனுப்பி, பதில் வர வாரக்கணக்கில் ஆகும். ஏஐ வந்தால் சில நிமிஷத்தில் தெரிந்துவிடும். கேட்க நன்றாகத்தான் இருந்தது. 11 கிளினிக்குகளில் கூகுள் கருவி வந்ததும் என்ன நடக்கிறது என்று ஆய்வாளர்கள் நர்ஸுகளோடு உட்கார்ந்து கவனித்து 2020-ல் எழுதினார்கள்.

கண்மணி விரிய வேண்டுமென்றால் அறை இருட்டாக இருக்க வேண்டும். 11-ல் 2 கிளினிக்குகளில்தான் இருட்டாக்கக்கூடிய தனி அறை இருந்தது. மற்ற இடங்களில் வெளிச்சத்திலேயே எடுத்தார்கள். படம் மங்கலாக வந்தது. கருவி தரமான படங்களில் பழகியது, கொஞ்சம் மங்கலானாலும் 'படிக்க முடியவில்லை' என்று திருப்பிவிடும். முதல் 6 மாதங்களில் எடுத்த 1,838 படங்களில் 21 சதவீதத்தை இப்படித் திருப்பிவிட்டது. இதில் நர்ஸுகளுக்கு எரிச்சல். படத்தைப் பார்த்தாலே நோய் இல்லை என்று அவர்களுக்குத் தெரிகிறது, ஆனாலும் விதிப்படி நோயாளியைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பியாக வேண்டும். இன்னொரு பக்கம் இன்டர்நெட். படம் மேலே ஏறவே ஒரு நிமிஷத்துக்கு மேல் ஆனது. ஒரு கிளினிக்கில் 2 மணி நேரம் இணைப்பு போனதில் அன்றைக்கு 200 பேர் பார்க்க வேண்டிய இடத்தில் 100 பேரைத்தான் பார்க்க முடிந்தது. தொலைவில் இருக்கும் ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லிவிடுமோ என்ற பயத்தில் இந்த ஆய்வில் சேர வேண்டாம் என்று நோயாளிகளிடம் நர்ஸுகளே சொன்னதும் நடந்தது.

இதில் எதுவும் மென்பொருளின் அறிவுக் குறைவு இல்லை. ஜன்னலுக்குத் திரை, இணைப்பின் வேகம், பஸ் செலவு. ஆனால் நோயாளிக்குப் பலன் கிடைத்ததா இல்லையா என்பதை முடிவு செய்தவை இவைதான். பின்னால் வந்த ஆய்வுகள் இதிலிருந்து கற்றுக்கொண்டன. இந்தியாவில் கைபேசியோடு இணைந்த சிறிய ஃபண்டஸ் கேமராவில், இன்டர்நெட் இல்லாமலே அங்கேயே படத்தைப் படிக்கும் ஏஐயை மும்பையின் சுகாதார மையங்களில் சோதித்தார்கள். கேமராவைப் பிடித்தவர்கள் அதற்குப் பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்கள். எல்லாரும் எட்டக்கூடிய வழி அதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

அடுத்தது, 'கண் டாக்டரைப் பாருங்கள்' என்று சொன்ன பிறகு நோயாளி உண்மையிலேயே போனாரா? ருவாண்டாவில் இதைச் சோதித்தார்கள். நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவுக்கு ஏஐ முடிவை அங்கேயே உடனே சொன்னார்கள். மற்ற பிரிவுக்கு மனிதர் படம் பார்த்துச் சில நாள் கழித்துச் சொன்னார்கள். உடனே தெரிந்துகொண்டவர்களில் சுமார் 51 சதவீதம் பேர் கண் டாக்டரிடம் போனார்கள். காத்திருந்து தெரிந்துகொண்டவர்களில் சுமார் 40 சதவீதம்தான். இங்கே ஏஐயின் பலன் அதன் கூர்மையில் இல்லை, வேகத்தில் இருக்கிறது. நோயாளி எழுந்து போவதற்கு முன்பே பேசி முடித்துவிட முடிகிறது. குலுக்கல் முறையில் பிரித்துப் பார்க்கும் இப்படிப்பட்ட ஆய்வுகள் இன்னும் நிறைய வர வேண்டும். கணினிக்கும் டாக்டருக்கும் போட்டி வைக்கும் ஆய்வுகள் போதுமான அளவு வந்துவிட்டன.

அனுமதி பற்றி ஒரு வார்த்தை. 2018 ஏப்ரலில், மருந்துகளுக்கும் மருத்துவக் கருவிகளுக்கும் அனுமதி தரும் அமெரிக்க அரசு அமைப்பான எஃப்டிஏ, இதே விழித்திரை நோயைக் கண்டறியும் ஐடிஎக்ஸ்-டிஆர் என்ற கருவிக்கு அனுமதி கொடுத்தது. டாக்டர் யாரும் படத்தைப் பார்க்காமலே முடிவு சொல்லலாம் என்று அனுமதி பெற்ற முதல் கருவி அது. 10 பொது மருத்துவ கிளினிக்குகளில் 900 பேரிடம் நடந்த சோதனையின் அடிப்படையில் கொடுத்தார்கள். இந்தியாவில் ஐசிஎம்ஆர் 2023-ல் மருத்துவ ஏஐக்கான நெறிமுறைகளை வெளியிட்டது. நோயாளியின் சம்மதம், படங்களின் ரகசியம், தவறு நடந்தால் பொறுப்பு யாருடையது என்பதெல்லாம் அதில் வருகின்றன. கற்றுக்கொடுக்கப் பயன்படும் ஒவ்வொரு படத்துக்குப் பின்னாலும் ஓர் ஆள் இருக்கிறார். எதற்குக் கொடுக்கிறோம் என்று அவருக்கு அவர் மொழியில் சொல்லியாக வேண்டும்.

அனுமதி வாங்கியதும் வேலை முடிந்துவிடாது. கேமரா மாறும், எடுக்கும் ஆள் மாறுவார், வரும் நோயாளிகளும் மாறுவார்கள். தமிழ்நாட்டில் அரவிந்தின் 45 இடங்களில் சில வருஷங்களில் 6 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களைக் கூகுளின் ஏஐ பார்த்திருக்கிறது. அதில் ஏறத்தாழ 1 சதவீதம் பேரின் படங்களை எடுத்து, டாக்டர்களை மறுபடி பார்க்கச் சொல்லி, கருவி இன்னும் சரியாக இருக்கிறதா என்று பார்த்தார்கள். 2025-ல் வெளியான அந்த முடிவின்படி, முற்றிய நோயில் 97 சதவீதத்தை அது பிடித்திருந்தது. புது மருந்துக்குப் பக்க விளைவு கண்காணிப்பு இருப்பதுபோல இதற்கும் தொடர் கண்காணிப்பு வேண்டும் என்பதற்கு இது நல்ல முன்னுதாரணம்.

கடைசியாக, வீட்டில் சர்க்கரை நோயாளி இருப்பவர்கள் தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டிய ஒன்று. இந்தக் கருவி எதைக் கற்றதோ அதை மட்டும்தான் தேடும். சர்க்கரை நோயால் விழித்திரையில் வரும் மாற்றத்தைத் தேடும்படி கற்றிருந்தால், கண் நீர் அழுத்த நோயையோ புரையையோ அது சொல்லாது. 'இப்போது அனுப்பத் தேவையில்லை' என்று முடிவு வந்தால், இந்த ஒரு நோயில் அனுப்பும் அளவுக்கு எதுவும் தெரியவில்லை என்றுதான் பொருள். அடுத்த பரிசோதனையைத் தள்ளிப்போடக் கூடாது. நடுவில் பார்வை மங்கினாலோ, கண் முன்னால் கருப்பாக ஏதாவது மிதந்தாலோ, திரை விழுந்தது போல் ஒரு பக்கம் மறைத்தாலோ, ஏஐ சொன்னதைக் காரணம் காட்டி வீட்டில் இருந்துவிடாமல் அன்றைக்கே கண் டாக்டரிடம் போய்விட வேண்டும்.